பாதை மாறினால் தாங்கும் அளவும் மாறும்: காக்கர் ஸ்பேனியல் ஒன்றுக்கு அமினோ அமிலம் ஏற்றிய நிகழ்வு ஆய்வு

கல்லீரல் கெட்டதால் தோல் உடைந்துவந்த ஒரு நாய்க்குச் சிரை வழி அமினோ அமிலம் ஏற்றிய முதல் நாள், கேஸ் ஷீட்டில் விழுந்த வரி இது: 'அமினோ அமிலம் ஒத்துக்கொள்ளவில்லை. நிறுத்தப்பட்டது.' எட்டாம் நாள் அதே நாய்க்கு, அதே கரைசல் வேறொரு ரத்தக்குழாய் வழியே ஏற்றப்பட்டது. அப்போதும் நிறுத்த வேண்டி வந்தது, ஆனால் காரணம் வேறு. பதினைந்தாம் நாள் 250 மி.லி. முழுவதும் ஏறியது. நாய் ஒரு முறைகூட உமிழ்நீர் வடிக்கவில்லை. இடையில் நாய் மாறவில்லை, கரைசல் மாறவில்லை. மாறியவை பாதையும் வேகமும் மட்டுமே.

'ஒத்துக்கொள்ளவில்லை' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு தோல்விகள் ஒளிந்திருக்கின்றன. ரத்தக்குழாயின் சுவர் தாங்காமல் போகலாம். மூளையில் வாந்தியைத் தூண்டும் பகுதி தாங்காமல் போகலாம். அமினோ அமிலம் சிதைவதால் வரும் அம்மோனியா, கல்லீரல் அதை யூரியாவாக மாற்றி முடிக்கும் வேகத்தை மிஞ்சிச் சேரலாம். எந்தப் பாதையில் ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்து இம்மூன்றில் ஒன்று முதலில் கை விரிக்கும். அது எது என்று பிரித்துப் பார்க்காமல் சிகிச்சையை நிறுத்தினால், பிழைக்க வாய்ப்புள்ள நாயின் வாய்ப்பைப் பறித்தவர்களாவோம்.

நோயாளி

பத்து வயது ஆண் காக்கர் ஸ்பேனியல், கருத்தடை செய்யப்பட்டது, எடை 12 கிலோ. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழு வாரமாகப் பாதப் பிரச்சினை. இடையில் பூஞ்சை மருந்து ஒரு மாதம், ஆன்டிபயாட்டிக் இரண்டு சுற்று, ஸ்டீராய்டு பத்து நாள் முடிந்திருந்தன. ஸ்டீராய்டு கொடுத்த நாட்களில் நாலு நாள் தெம்பாக இருந்துவிட்டு, பிறகு முன்னைவிட மோசமாகியிருந்தது.

"காஞ்ச ஏரி மாதிரி வெடிச்சிருக்கு டாக்டர். சிமென்ட் தரையில கால வைக்கவே மாட்டேங்குறான், பாய் மேலதான் நிக்கிறான்" என்றார் வளர்ப்பவர். நான்கு பாதங்களின் திண்டுகளும் தடித்து, மஞ்சள் கலந்த பழுப்புப் பொருக்கு ஏறி, குறுக்கே வெடித்திருந்தன. வெடிப்பின் அடியில் ஈரமான சிவப்புத் தசை தெரிந்தது. உதட்டோரம், கண்ணோரம், முழங்கைப் புள்ளி, விதைப்பை இருந்த இடம் ஆகியவற்றிலும் இதே போன்ற பொருக்கு, புண். மணலில் நடந்ததில் இரண்டு வெடிப்புகளுக்குள் மண் புகுந்து சீழ் பிடித்திருந்தது.

வயதான நாய், பாதத் திண்டு, வாயோரம், முழங்கை என்று இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்தால் தோலோடு நின்றுவிடக் கூடாது. கல்லீரலைப் பார்க்க வேண்டும்.

ரத்தத்தில் கல்லீரல் நொதிகளான ஏ.எல்.பி. 612, ஏ.எல்.டி. 148, அல்புமின் 2.4 கிராம், சர்க்கரை 104 மி.கி. தட்டணு 1.9 லட்சம். உண்ணிக் காய்ச்சல் கிட் பரிசோதனை நெகட்டிவ். கழுத்துச் சிரையில் ஊசி போடும் முன் நம் பகுதியில் இந்தக் கடைசி இரண்டையும் பார்க்காமல் இறங்கவே கூடாது; உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி இருந்து தட்டணு குறைந்த நாய்க்குக் கழுத்தில் துளை போட்டால் ரத்தக்கட்டி மூச்சுக்குழாயை அழுத்தும். ரத்தம் உறையும் நேரமும் பார்க்கப்பட்டது, சரியாக இருந்தது. வெறும் வயிற்று அம்மோனியா 41 மைக்ரோமோல்.

ஸ்கேனில் கல்லீரல் தேனடை போலத் தெரிந்தது: கறுப்பான சிறு முடிச்சுகள், அவற்றைச் சுற்றி வெளிர் வலைப்பின்னல். கணையத்தில் கட்டி எதுவும் தென்படவில்லை. தோல் பயாப்ஸி மூன்று இடங்களில், 6 மி.மீ. பஞ்ச் கொண்டு எடுக்கப்பட்டது. புண்ணின் நடுவில் எடுத்தால் அங்கே மேல்தோலே இருக்காது, அறிக்கையில் 'புண்' என்று மட்டுமே வரும். பொருக்கு உதிராத ஓரத்தில், பொருக்கோடு சேர்த்து எடுக்க வேண்டும். அந்த இடத்தைச் சவரம் செய்யவோ ஸ்பிரிட் போட்டுத் தேய்க்கவோ கூடாது. மேலே கரு நீங்காத கெரட்டின் சிவப்பாக, நடுவே நீர் கோத்து வெளிறிய அடுக்கு, அடியில் செல்கள் பெருகிய நீல அடுக்கு என மூன்று பட்டைகளும் அறிக்கையில் இருந்தன. கல்லீரல் சார்ந்த மேலோட்டத் தோலழுகல் நோய் உறுதியானது.

இந்த நோயில் பிளாஸ்மா அமினோ அமில அளவுகள் வெகுவாகக் குறைந்திருக்கும். தோலுக்குப் புரதம் கட்டச் செங்கல் இல்லை. தேய்மானம் அதிகமுள்ள இடங்கள்தான் முதலில் உடையும், அதனால்தான் பாதமும் முழங்கையும்.

முட்டை இருக்கும்போது பாட்டில் எதற்கு?

வளர்ப்பவர் கேட்ட கேள்வி நியாயமானது. "நாலு முட்டையில இருக்கிறதைத்தானே டாக்டர் பாட்டில்ல ஏத்துறீங்க? அந்த நாலு முட்டையைப் போட்டுட்டுப் போயிடலாமே?"

கணக்கு சரி. 10 சதவீதக் கரைசல் 250 மி.லி.யில் 25 கிராம் அமினோ அமிலம் இருக்கிறது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். ஆனால் இரண்டும் போய்ச் சேரும் வழி வேறு.

வாய்வழி வரும் புரதம் குடலில் பிரிந்து, போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகிறது. போகிற வழியிலேயே குளூட்டமிக், அஸ்பார்ட்டிக் அமிலங்களில் பெரும்பங்கைக் குடலின் உட்சவ்வு எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில் கல்லீரல் தனக்கு வேண்டியதை எடுக்கிறது. லியூசின், ஐசோலியூசின், வேலின் மூன்றை மட்டும் அதிகம் தொடாமல் தசைக்கு விடுகிறது. ஆரோக்கியமான நாய்க்கு இது அருமையான ஏற்பாடு. வயல் வாய்க்காலுக்கு மதகு இருப்பதைப் போல, வெள்ளம் வந்தாலும் உடம்புக்குள் அளவாகவே விழும். அதனால்தான் அமினோ அமிலத்தை நாய் மிக அதிகமாகத் தாங்கும் பாதை வாய்வழிதான்.

இந்த நோயிலோ மதகே கெட்டிருக்கிறது. கல்லீரல் அமினோ அமிலத்தை அளவுக்கு மீறி எரித்துத் தள்ளுகிறது என்பதே வலுவான விளக்கம். சில நாய்களில் சிறுநீரிலும் வீணாகிறது. ஆக, முட்டையாகக் கொடுப்பதில் ஒரு பங்கு தோலுக்குப் போகும் முன்பே தீர்ந்துவிடும். சிரை வழி ஏற்றும்போது கரைசல் முதலில் இதயத்துக்கும், அங்கிருந்து உடம்பு முழுவதற்கும் போகிறது. தோலுக்கும் கல்லீரலுக்கும் ஒரே நேரத்தில் பங்கு கிடைக்கிறது. தோலுக்கு இதுதான் லாபம். இதற்கான விலையும் உண்டு: மதகைத் தாண்டி வருவதால் ரத்தத்தில் அளவு திடுமென ஏறும், அந்த ஏற்றம் மூளைக்கு நேராகப் போகும்.

போர்ட்டல் பாதையின் மதிப்பை மருத்துவ உலகம் நாய்களிடமிருந்துதான் கற்றது. 1877இல் ரஷ்யாவின் நிக்கோலாய் எக், போர்ட்டல் சிரையை நேராகப் பெருஞ்சிரையோடு இணைக்கும் அறுவையை நாயில் செய்தார். 1893இல் பாவ்லவ் உள்ளிட்ட குழு, அப்படி இணைத்த நாய்கள் இறைச்சி தின்றதும் தள்ளாடி, மயங்கி, வலிப்பு வரை போவதைப் பதிவு செய்தது. கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகும் பிறவிக் குழாய் உள்ள நாய்க்கு இந்தச் சிகிச்சையை யோசிக்கவே கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. குட்டியிலிருந்தே வளர்ச்சி குன்றி, தின்றபின் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும் நாயென்றால் முதலில் பித்த அமிலப் பரிசோதனை செய்ய வேண்டும்.

வளர்ப்பவருக்குச் சொன்ன பதில் சுருக்கமானது: "ரெண்டும் வேணும்மா. முட்டை தினமும், பாட்டில் வாரம் ஒரு தடவை."

முதல் ஏற்றம்: முன்னங்கால் சிரை

10 சதவீதக் கரைசல், நீர்க்காமல், முன்னங்கால் செஃபாலிக் சிரையில், நீல நிற 22 கேஜ் கேனுலா வழியாக மணிக்கு 36 மி.லி. அதாவது கிலோவுக்கு மணிக்கு 3 மி.லி.

இரண்டு மணி நேரம் ஒரு குறையும் இல்லை. பிறகு நாய் அந்தக் காலையே நக்கத் தொடங்கியது. பசியில் உதட்டை நக்குவது வேறு, இது வேறு: ஒரே இடத்தில், விடாமல், கட்டுக்கு மேலே. கட்டைப் பிரித்தபோது சிரை தடித்த கயிறுபோல் விரலில் தட்டுப்பட்டது. கேனுலா நுனிக்கு மேலே சுமார் 4 செ.மீ. நீளத்துக்கு வீக்கம். அழுத்தினால் காலை இழுத்தது. 2 மணி 40 நிமிடத்தில் நிறுத்தும்போது 96 மி.லி. போயிருந்தது. அதில் ஒரு பகுதி தசைக்குள் கசிந்திருந்தது.

பாட்டில் லேபிளில் ஆஸ்மோலாரிட்டி, அதாவது கரைசல் எவ்வளவு அடர்ந்தது என்ற அளவு, 990 என்று இருக்கும். நாயின் ரத்தம் ஏறக்குறைய 300. மூன்று மடங்குக்கும் மேல் அடர்ந்த கரைசல் சின்னச் சிரைக்குள் மெல்ல நகரும்போது, உட்சுவர் செல்களிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். செல்கள் சுருங்கி உரியும், அந்த இடத்தில் ரத்தம் உறையும். கைகால் சிரைக்குப் பாதுகாப்பான உச்ச வரம்பாக 600 முதல் 750 வரை வைத்துக்கொள்வது வழக்கம். 990 அதைத் தாண்டியது. வேகத்தைக் குறைப்பதால் இங்கே பெரிய பயன் இல்லை. மெதுவாகப் போனாலும் சிரையின் சுவரைத் தொடுவது அதே 990தான்.

அன்று எடுத்த அம்மோனியா 47. வாந்தி இல்லை. உமிழ்நீர் வடியவில்லை. தாங்காதது சிரை மட்டுமே. ஆனால் ஷீட்டில் விழுந்த வரியோ நாயே தாங்கவில்லை என்றது. அந்த ஒரு வரியை நம்பி அடுத்து பார்ப்பவர் அமினோ அமிலத்தையே கைவிட்டிருப்பார்.

செய்தது: ஓட்டத்தை நிறுத்தி, கேனுலாவை எடுப்பதற்கு முன்பே அதன் வழியாக வந்தவரை உறிஞ்சி எடுத்து, பிறகு கேனுலா நீக்கம். கால் உயர்த்தி வைப்பு, அன்று குளிர் ஒத்தடம், மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான ஒத்தடம். ஆறு நாளில் வீக்கம் வடிந்தது. இந்த நோயில் தோல் எளிதில் உரியும் என்பதால் ஒட்டும் டேப் நேராகத் தோலில் படக் கூடாது. முதல் நாள் அதுவும் தவறியிருந்தது. டேப்பை எடுத்த இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் கூடவே வந்தது. பஞ்சுச் சுற்றின் மேல் தன்னோடு தானே ஒட்டும் பேண்டேஜ் போடுவதே சரி.

கழுத்துச் சிரை கிடைக்காத இடத்தில் கைகால் சிரைதான் வழி என்றால், கரைசலை 5 சதவீதமாக்க வேண்டும். 5 சதவீதம் என்று தயாராக வரும் பாட்டிலில் ஆஸ்மோலாரிட்டி 495. அது கிடைத்தால் கலக்கும் வேலையே இல்லை. கலக்கத்தான் வேண்டுமென்றால் 10 சதவீதத்தோடு சம அளவு அரை நார்மல் சலைன் (பாதி அடர்வு உப்புநீர்): கூட்டிப் பாதியாக்கினால் சுமார் 570. முழு நார்மல் சலைனோடு சமமாகக் கலந்தால் சுமார் 650. அதையும் பெரிய சிரையில் சில மணி நேரம் ஓட்டலாம். விலை கன அளவில் வரும். இந்த நாய்க்கு 25 கிராம் ஏற்ற 500 மி.லி. ஓட வேண்டும். பத்து மணி நேரத்தில் அது கிலோவுக்கு 42 மி.லி., ஏறக்குறைய ஒரு நாள் முழுதுக்கான நீர்த் தேவை. அல்புமின் 2.4 இருக்கும் நாய்க்கு இதைச் செய்தால் மூச்சு எண்ணிக்கையை மணிக்கு மணி பார்க்க வேண்டும். இதய வால்வு முணுமுணுப்பு உள்ள வயதான காக்கருக்குச் செய்யவே கூடாது.

இரண்டாம் ஏற்றம்: கழுத்துச் சிரை, தவறான வேகம்

எட்டாம் நாள். வலியடக்கப் பியூட்டார்ஃபனால் கிலோவுக்கு 0.2 மி.கி., இடத்தை மரக்கச் செய்யத் தோலடியில் லிக்னோகெய்ன். வலது ஜுகுலர் சிரையில், வயர் மேல் வழுக்கி இறக்கும் முறையில், குழந்தைகளுக்கான 5 ஃப்ரெஞ்ச், 13 செ.மீ. இரட்டை லூமன் (உள்ளே இரண்டு வழிகள் உள்ள) கத்தீட்டர். துளையிடும் இடத்திலிருந்து நாலாம் விலா வரை வெளியே வைத்து அளந்துகொண்டு, எக்ஸ்ரேயில் நுனி மூன்றாவது, நாலாவது விலாக்களுக்கு இடையே, இதயத்துக்குச் சற்று முன்னால் நிற்பதைப் பார்த்த பிறகே பாட்டில் மாட்டப்பட்டது. நுனி இதயத்துக்குள் போனால் துடிப்பு தடம் மாறும். கழுத்திலேயே நின்றால் கால் சிரைக்கு நேர்ந்தது இங்கேயும் நேரும்.

பெருஞ்சிரையில் ரத்த ஓட்டம் பலமானது, விழுந்த கணத்தில் கரைசல் நீர்த்துப் போகும். 1960களின் நடுவில் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்டான்லி டட்ரிக் குழு பீகிள் குட்டிகளைச் சிரைவழி உணவிலேயே வளர்த்துக் காட்டியது இந்த உண்மையின் மேல் நின்றுதான்: அடர்ந்த கரைசலைப் பெருஞ்சிரையில் விட்டார்கள்.

சிரையின் தடை நீங்கியதும், இனி வேகத்துக்குத் தடையில்லை என்ற எண்ணம் வந்துவிட்டது. மணிக்கு 60 மி.லி., கிலோவுக்கு 5 மி.லி. வைக்கப்பட்டது. 300 மி.லி.யை ஐந்து மணி நேரத்தில் முடித்து, இருட்டுவதற்குள் கடலூருக்கு அனுப்பிவிடலாம் என்ற கணக்கு.

25 ஆம் நிமிடம் உதட்டை நக்கியது. 40 ஆம் நிமிடம் வெறும் வாயை அடிக்கடி விழுங்கியது. 50 ஆம் நிமிடம் உமிழ்நீர் நூலாக இறங்கியது. 70 ஆம் நிமிடம் வாந்தி. அதுவரை போனது 70 மி.லி. மட்டுமே. அப்போது அம்மோனியா 96.

முதல் ஏற்றத்தில் பம்ப் காட்டிய 96 மி.லி.யைவிட இது குறைவு. ஆகவே மொத்த அளவு இங்கே குற்றவாளி அல்ல. முதல் நாள் ஒரு பங்கு கசிந்தது என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் அன்றைய எஞ்சிய நேரம் விடை தந்தது. 45 நிமிடம் நிறுத்தி, உமிழ்நீர் நின்ற பிறகு மணிக்கு 18 மி.லி.யில் ஒரு மணி நேரம், 24இல் ஒரு மணி நேரம், 30இல் ஐந்து மணி நேரம் ஓடியது. மேலும் 192 மி.லி. ஏறியது, மொத்தம் 262. வாந்தி திரும்பவில்லை. முடிவில் அம்மோனியா 62.

வாந்தியைத் தூண்டும் மூளைப் பகுதிக்கு ரத்தத் தடுப்புச் சுவர் கிடையாது. ரத்தத்தில் ஏறுவது அங்கே உடனே தெரியும். 1945இல் ராச்செஸ்டரில் மேடன், விப்பிள் உள்ளிட்டோர் நாய்களுக்கு அமினோ அமிலக் கலவைகளைச் சிரை வழி செலுத்திப் பார்த்து, வாந்திக்குக் குளூட்டமிக் அமிலம் காரணம் என்று எழுதினார்கள். அதே அமிலம் ஒவ்வொரு வேளை இறைச்சியிலும் ஏராளமாக இருக்கிறது. வாய்வழி போனால் குடல் அதை எரித்துவிடுகிறது, சிரைவழி போனால் எரிக்க ஆளில்லை. இன்றைய பாட்டில்கள் பலவற்றில் குளூட்டமிக் அமிலம் சேர்ப்பதில்லை. இருந்தாலும் வேகம் கூடினால் வாந்தி வரும். லேபிளில் குளூட்டமிக், அஸ்பார்ட்டிக் இரண்டும் இருந்தால் இன்னும் மெதுவாகத் தொடங்குவது நல்லது.

லேபிளில் பார்க்க வேண்டிய இன்னொன்று ஆர்ஜினின். அம்மோனியாவை யூரியாவாக மாற்றும் சுழற்சிக்கு அது கட்டாயம் தேவை; ஆர்ஜினின் இல்லாத ஒரே ஒரு வேளை உணவுக்குப் பிறகுகூட நாய்க்கு அம்மோனியா ஏறி வாந்தி வரும் என்பது நிரூபிக்கப்பட்டது. மருந்துக்கடையில் 'கல்லீரல் நோய்க்கு' என்று கேட்டால், கிளைச் சங்கிலி அமிலங்கள் (லியூசின், ஐசோலியூசின், வேலின்) மட்டும் கூடுதலாக உள்ள மனிதருக்கான பாட்டிலை எடுத்து நீட்டுவார்கள். அது கல்லீரல் மயக்கத்துக்கானது. தோல் கட்டத் தேவையான முழுப் பட்டியல் அதில் சமச்சீராக இருக்காது. இந்த நோய்க்குச் சாதாரண முழுக் கலவைதான் வேண்டும்.

வாந்தி தடுக்கும் மருந்து பற்றி ஒரு வார்த்தை. ஆன்டான்செட்ரான் முன்கூட்டியே போட்டுவிட்டு 60இல் ஓட்டலாமே என்ற யோசனை அன்றே எழுந்தது. அது கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. உதடு நக்கல் என்பது வேகம் மிஞ்சிவிட்டது என்று நாய் தரும் முதல் தகவல். அதை அடக்கிவிட்டால் அடுத்த தகவல் தள்ளாட்டமாக வரும். மருந்து போட வேண்டியது வேகத்தைக் குறைத்த பின்னும் குமட்டல் நிற்காவிட்டால் மட்டுமே.

மூன்றாம் ஏற்றம்: நிலைத்த அட்டவணை

இந்த முறை மருந்தளவே பாட்டிலுக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. 300 மி.லி. வேண்டுமென்றால் 500 மி.லி. பாட்டிலைத் திறந்து 200ஐக் கொட்ட வேண்டும். 250 மி.லி. என்றால் கிலோவுக்கு 20.8 மி.லி., கிலோவுக்கு சுமார் 2 கிராம் அமினோ அமிலம். ஒரே பாட்டில், மிச்சமில்லை.

முதல் அரை மணி நேரம் மணிக்கு 12 மி.லி. அடுத்த அரை மணி நேரம் 20. பிறகு ஒன்பது மணி நேரம் 26. மொத்தம் பத்து மணி நேரம், 250 மி.லி. உச்சத்தில் கிலோவுக்கு மணிக்கு 2.2 மி.லி. அம்மோனியா தொடக்கத்தில் 44, ஐந்தாம் மணியில் 58, முடிவில் 61. சர்க்கரை இரண்டு மணிக்கொரு முறை, 96க்கும் 118க்கும் இடையே. வாந்தி இல்லை.

நாலாம் ஏற்றத்தின் ஆறாம் மணியில், எல்லை எங்கே என்று தெரிந்துகொள்ள, வேகம் 36க்கு உயர்த்தப்பட்டது. இருபது நிமிடத்தில் உதடு நக்கல். 26க்கு இறக்கிய பத்து நிமிடத்தில் நின்றது. இந்த நாய்க்குப் பெருஞ்சிரைப் பாதையில் கூரை, கிலோவுக்கு மணிக்கு 3 மி.லி.க்குச் சற்றுக் கீழே. வெளியான நூல்களில் கிலோவுக்கு 24, 25 மி.லி.யை எட்டு முதல் பத்து மணி நேரம் ஓட்டச் சொல்லும் அளவோடு இது பொருந்துகிறது.

பம்ப் இல்லாத இடத்தில் மணிக்கு 26 மி.லி. என்றால் மைக்ரோ டிரிப் செட்டில் நிமிடத்துக்கு 26 சொட்டு. 60 சொட்டு ஒரு மி.லி. என்பதால் கணக்கு நேராக வரும். சாதாரண 20 சொட்டு செட்டில் நிமிடத்துக்கு 9 சொட்டுக்கும் குறைவு. நாய் தலையைத் திருப்பினாலே அது மாறிவிடும், அதை நம்ப வேண்டாம். கரன்ட் போனால் பம்ப் பேட்டரிக்கு மாறும்போது சில மாடல்களில் ஓட்டம் நிற்கும். அலாரத்தைக் கேட்டு ஓடிவரும் ஆள் வேண்டும். நின்ற நேரத்தை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. தாமதமானால் தாமதமாகவே முடியட்டும்.

கரைசல் கண்ணாடிப் பாட்டிலில் வந்தால் காற்றுத் துளை உள்ள செட் வேண்டும். இல்லையென்றால் பாதியில் உள்ளே வெற்றிடம் ஏறி ஓட்டம் தானாகக் குறையும், நாய் தாங்குகிறது என்று நாம் தவறாக நினைப்போம். பாட்டிலின் மேல் கறுப்புத் துணி. வெளிச்சம் பட்டால் டிரிப்டோஃபேன் கெடும், கரைசல் மஞ்சளாகும். நிறம் மாறியதை மாட்டக் கூடாது. திறந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த வாரம் எடுப்பது கொடிய பழக்கம். அமினோ அமிலம் கிருமிகளுக்கும் முதல்தர உணவு. நம் ஊர்ப் புழுக்கத்தில் சொல்லவே வேண்டாம். ஓட்டத்தின் நடுவே நாய் நடுங்கிக் காய்ச்சல் கண்டால் அது அமினோ அமிலத் தாங்காமை அல்ல. பாட்டிலையும் கத்தீட்டரையும் சந்தேகிக்க வேண்டும்.

ரத்த மாதிரியைக் கத்தீட்டரில் எடுக்கக் கூடாது, வேறு காலில் எடுக்க வேண்டும். கத்தீட்டரில் எடுத்தது கரைசலால் நீர்த்திருக்கும். அம்மோனியாக் குழாய் எடுத்த உடனே ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டிக்குள் போக வேண்டும், அரை மணிக்குள் பிளாஸ்மா பிரிய வேண்டும். மே மாத வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் போன மாதிரி ஒன்று எப்போதும் பொய்யாக உயர்ந்தே வரும். அந்த எண்ணை நம்பி நல்ல சிகிச்சையை நிறுத்திவிடுவார்கள்.

ஒவ்வொரு முறையும் மறுநாள் கத்தீட்டர் நீக்கப்பட்டது. வாரத்துக்கு வாரம் வலம், இடம் மாற்றி. ஐந்தாம் முறை முதல் பின்னங்கால் சஃபீனஸ் சிரை வழியாக நீளக் கத்தீட்டரைக் கீழ்ப்பெருஞ்சிரை வரை ஏற்றியதில் கழுத்துக்கு ஓய்வு கிடைத்தது. நுழையும் இடம் காலாக இருந்தாலும் நுனி பெருஞ்சிரையில் இருப்பதால் 10 சதவீதமும் அதே அட்டவணையும் பொருந்தின. பாதையைத் தீர்மானிப்பது நுனி நிற்கும் இடமே.

மற்ற பாதைகள்

தோலடியில் 10 சதவீதம் போடவே கூடாது. சுற்றியுள்ள நீரை இழுத்துத் தோல் அழுகும். இந்த நோயில் ஆறவும் ஆறாது. பி-காம்ப்ளெக்ஸ் கலந்து மஞ்சளாக வரும் கால்நடைக் கரைசலின் லேபிளிலும் அமினோ அமிலப் பெயர்கள் வரிசையாக இருக்கும். அளவைக் கூட்டிப் பார்த்தால் 100 மி.லி.யில் ஒரு முட்டையில் உள்ளதுகூட வராது. அதை ஏற்றிவிட்டு 'அமினோ அமிலம் கொடுத்தும் பலனில்லை' என்று முடிவுக்கு வருவது அநியாயம்.

வாய்வழி: வேகவைத்த மஞ்சள் கரு நாளுக்கு மூன்று, அதோடு முழு முட்டை ஒன்று, கோழி, மீன், சோறு, நாலு வேளையாகப் பிரித்து. பச்சை வெள்ளைக் கரு பயோட்டினைக் கட்டிப்போடும், வேகவைத்தே தர வேண்டும். கணைய அழற்சி வந்த நாய்க்கு மஞ்சள் கருவைக் குறைத்துத் தொடங்க வேண்டும். துத்தநாகம் கிலோவுக்கு 2 மி.கி. கணக்கில், உணவோடு. உடற்பயிற்சிக் கூடத்துப் புரதப் பொடி கலக்க விரும்பினால் முதலில் இனிப்பூட்டி என்ன என்று டப்பாவில் பார்க்க வேண்டும். ஸைலிடால் இருந்தால் நாய்க்கு விஷம். ஏற்கனவே தனி அமினோ அமிலமாகப் பிரித்த பொடிகள் குடலில் நீரை இழுத்துப் பேதியாக்கும். முழுப் புரதத்தில் அந்தத் தொல்லை குறைவு.

தொடர்ச்சி

பன்னிரண்டாம் நாள் நாய் பாயிலிருந்து இறங்கித் தரையில் நின்றது. இருபத்தொன்றாம் நாள் பொருக்கு ஓரத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது. வெதுவெதுப்பான உப்புநீரில் ஊறவைத்து, தானாக விட்டதை மட்டும் எடுத்தார்கள், பிடித்து இழுக்கவில்லை. அடியில் ரோஜா நிறத்தில் புதுத் திண்டு. சீழ் பிடித்த இரண்டு வெடிப்புகள் மட்டும் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டன. நான்கு வாராந்திர ஏற்றங்களுக்குப் பிறகு இடைவெளி மூன்று வாரமானது. 92 ஆம் நாள் எடை 12.9 கிலோ. ஏ.எல்.பி. 540, ஸ்கேனில் தேனடை அப்படியே இருந்தது. கல்லீரல் குணமாகவில்லை, ஆகும் என்று வளர்ப்பவருக்குச் சொல்லவும் இல்லை. இடைவெளியை நான்கு வாரமாக நீட்டியபோது உதட்டோரத்தில் பொருக்கு மீண்டும் தலைகாட்டியதால் மூன்று வாரமே தொடர்கிறது.

முதல் நாள் வரி இப்போது அடிக்கப்பட்டு, அதன் கீழே இப்படி எழுதப்பட்டிருக்கிறது: 'செஃபாலிக், 10%, 3 மி.லி./கிலோ/மணி: சிரை அழற்சி, 2 ம. 40 நி. ஜுகுலர், 10%, 5 மி.லி.: உதடு நக்கல் 25 நி., வாந்தி 70 நி. ஜுகுலர், 10%, 2.2 மி.லி., 10 மணி: தாங்கியது.'